எழுபதுகளின் மறந்துபோன கனடிய ராக்: ஸ்ட்ரீமிங், சிடி, பழைய எல்பி, புது எல்பி – எதில் கேட்பது?

ரஷ், கெஸ் ஹூ, பேக்மன் டர்னர் ஓவர்டிரைவ் மூன்றையும் கரைத்துக் குடித்தவர்கள் அடுத்து எங்கே போவது என்று தேடத் தொடங்கினால், பெயர்களுக்குப் பஞ்சமில்லை. கிளாட்டு, மேக்ஸ் வெப்ஸ்டர், க்ரோபார், எ ஃபுட் இன் கோல்ட்வாட்டர், மாக்ஸி, ஹார்மோனியம், ஸ்லோஷ், மனேஜ் என்று ஒரு மாலைக்குள் நீளமான பட்டியல் சேர்ந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். மாதச் சந்தா கட்டி ஸ்ட்ரீமிங்கிலேயே கேட்டு முடிப்பதா, சிடி மறுவெளியீடுகளைத் தேடுவதா, அந்தக் காலத்து வினைல் இசைத்தட்டான எல்பியையே வாங்குவதா, புதிதாக அச்சிட்ட எல்பிக்குக் காசு கொடுப்பதா?

எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே எல்லாக் குழுவுக்கும் பிடித்துக்கொண்டால் பட்டியலில் பாதி கைநழுவிப் போகும். இந்தக் குழுக்களின் மாஸ்டர் டேப்புகளும் (மூல ஒலிநாடாக்கள்) உரிமைகளும் ஆளுக்கொரு திசையில் போயிருக்கின்றன. ஒரு குழுவின் இசைத்தட்டு எங்கே பிறந்தது, யார் கைக்குப் போனது என்று தெரிந்தால், அதை எதில் கேட்பது என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் கூடவே வந்துவிடும்.

## ஏன் இத்தனை சிதறல்?

கனடிய ஒலிபரப்பு ஒழுங்காணையமான சிஆர்டிசி, 1971 ஜனவரி 18 முதல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. ஏஎம் வானொலி நிலையங்கள் ஒலிபரப்பும் இசையில் 30% கனடியதாக இருக்க வேண்டும் என்றது அது. இசையமைப்பு, கலைஞர், நிகழ்த்தப்பட்ட இடம், பாடல் வரி என்ற நான்கில் முதல் ஆண்டில் ஒன்றும், அதன் பிறகு குறைந்தது இரண்டும் கனடாவைச் சேர்ந்ததாக இருந்தால் அது கனடியப் பாடலாகக் கொள்ளப்பட்டது. ஹாமில்டன் நகரக் குழுவான க்ரோபாரின் ‘ஓ வாட் எ ஃபீலிங்’ இந்த விதியின் காற்றில் மேலே ஏறிய முதல் பாடலாகப் பலராலும் சொல்லப்படுகிறது.

வானொலிக்குப் பாடல் தேவைப்பட்டது. சின்னச் சின்ன நிறுவனங்கள் அதைத் தந்தன. டொரன்டோவில் டாஃபடில், மான்ட்ரியலில் அக்வேரியஸ், வான்கூவரில் மஷ்ரூம். ஆனால் தட்டைக் கடைக்குக் கொண்டுபோக இவர்கள் பெரிய நிறுவனங்களை நம்பியிருந்தார்கள். விநியோகம் கைமாறும்போது அட்டவணை எண் மாறும், உறையின் தாள் மாறும், சில நேரம் ஆல்பத்தின் பெயரே மாறும். லைட்ஹவுஸ் குழுவை வெளியிட்ட ஜிஆர்டி, 1979-இல் தன் அமெரிக்கத் தாய் நிறுவனத்தோடு சேர்ந்து மூழ்கியது. இப்படி மூழ்கிய இடங்களில் டேப் ஒருவரிடமும் உரிமை இன்னொருவரிடமும் தங்கிவிடும். மறுவெளியீடு தாமதமாவதற்கு இதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் வேதியியல். எழுபதுகளின் நடுவில் பல ஸ்டுடியோக்கள் பயன்படுத்திய ஆம்பெக்ஸ் டேப்புகளின் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடுகிறது. அப்படியே ஓட்டினால் காந்தப்பூச்சு உரிந்து இயந்திரத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். சுமார் 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வாட்டியெடுத்தால் சில வாரங்களுக்கு ஓட்டலாம். அதற்குள் நகலெடுத்துவிட வேண்டும். விற்பனை குறைவான குழுவுக்கு இந்தச் செலவைச் செய்ய முன்வருபவர் குறைவு. அதனால்தான் பல மறுவெளியீடுகள் டேப்பைத் தொடாமல், பழைய எல்பியிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கின்றன.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலில், கிடைக்கிறதா என்பது. இதில் தோற்றால் மற்றதெல்லாம் வீண்.

அடுத்தது ஒலியின் மூலம்: மாஸ்டர் டேப்பா, பழைய எல்பியா, வேறொருவரின் சிடியா? ‘ரீமாஸ்டர்’ (ஒலியைத் திரும்பச் சீர்செய்தது) என்ற சொல் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. மூன்றாவதாக முழுமை. பாடல்கள் எல்லாம் இருக்கின்றனவா, குரலையும் வாத்தியங்களையும் சேர்த்த அதே ஒலிக்கலவையா, உறையில் யார் எதை வாசித்தார்கள் என்ற விவரம் உண்டா? இவ்வகைக் குழுக்களுக்கு உறைக்குறிப்புதான் பல நேரங்களில் ஒரே வரலாற்று ஆவணம்.

செலவைக் கணக்கிடும்போது தட்டின் விலையை மட்டும் பார்த்தால் ஏமாற்றம்தான். தபால், சுங்கம், ஊசி, உறை, திருப்பி அனுப்பும் செலவு எல்லாம் சேர்ந்ததே விலை. கடைசியாக, உங்கள் உழைப்பு: தேட, சரிபார்க்க, கழுவ, பராமரிக்க எவ்வளவு நேரம் தர முடியும்?

| அளவுகோல் | ஸ்ட்ரீமிங் | சிடி மறுவெளியீடு | அந்தக் காலத்து எல்பி | புதிய எல்பி |
|---|---|---|---|---|
| கிடைப்பது | சீரற்றது. நாட்டுக்கு நாடு மாறும் | நல்லது, அச்சு தீரும்வரை | நிறைய விற்ற குழுக்களுக்கு எளிது, மற்றவற்றுக்குக் கடினம் | குறைவான பெயர்களே |
| மூலம் தெரியுமா | பெரும்பாலும் தெரியாது | குறிப்பேட்டில் இருக்கலாம் | ஐயமில்லை | கேட்டுத்தான் அறிய வேண்டும் |
| உறை, குறிப்பு | கிட்டத்தட்ட இல்லை | மிக நன்று | முதல்தரம், ஆனால் பல குழுக்கள் விவரம் அச்சிடவில்லை | நகல்; சில நேரம் கூடுதல் பக்கங்கள் |
| மறைசெலவு | ஆல்பம் காணாமல் போவது | அச்சு தீர்ந்தபின் ஏறும் விலை | தபால், ஊசி, தேய்ந்த தட்டு | அச்சுக் குறை, திருப்பி அனுப்புதல் |
| உழைப்பு | தேடலில் மட்டும் | குறைவு | அதிகம் | நடுத்தரம் |

## ஸ்ட்ரீமிங்

தொடங்குவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. ஒரு குழு பிடிக்கிறதா என்று பார்க்க ஒரு ஆல்பத்தின் விலை தேவையில்லை. ஆனால் எழுபதுகளின் கனடியக் குழுக்களுக்கும் தேடுபெட்டிக்கும் ஏதோ முன்ஜென்மப் பகை. எஃப்எம் என்று ஒரு டொரன்டோக் குழு. தேடினால் வானொலி நிலையங்களும் அதே பெயரில் எண்பதுகளில் வந்த இங்கிலாந்துக் குழுவும் வரும். ஓஃபென்பாக் என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் வந்து நிற்பார். மாக்ஸியைத் தேடினால் மாக்ஸி ஃப்ரூவஸ் என்ற பிற்காலத்துக் குழு. ஹார்மோனியம் என்று அடித்தால், சொல்லவே வேண்டாம், பஜனைக் கச்சேரி.

இதற்கு வழி ஒன்றுதான்: குழுவின் பெயரை விட்டுவிட்டு ஆல்பத்தின் பெயரையோ பாடகரின் பெயரையோ தேடுங்கள். ஹார்மோனியத்துக்கு செர்ஜ் ஃபியோரி, மேக்ஸ் வெப்ஸ்டருக்கு கிம் மிட்செல், ஓஃபென்பாக்குக்கு ஜெர்ரி பூலே, ஒக்தோப்ர் குழுவுக்கு பியேர் ஃப்ளின். பிரெஞ்சுத் தலைப்புகளில் எழுத்துக்கு மேல் வரும் குறிகளோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் தேடிப் பாருங்கள். பதிவேற்றியவர் எப்படி அடித்தாரோ அப்படித்தான் கிடைக்கும்.

கிடைத்த பிறகும் மூன்று சோதனைகள் உண்டு. திரையில் காட்டும் ஆண்டு பெரும்பாலும் மறுவெளியீட்டின் ஆண்டு. 1974-இன் ஆல்பம் 2009 என்று காட்டினால் பதறத் தேவையில்லை. ஆனால் பாடலின் நீளத்தைப் பழைய தட்டின் லேபிளில் அச்சான நீளத்தோடு ஒப்பிடுங்கள். பத்து, இருபது வினாடி வேறுபட்டால் அது தனிப்பாடல் தட்டான சிங்கிளுக்காகச் சுருக்கியதாகவோ, வயதான உறுப்பினர்கள் பிற்காலத்தில் மறுபடி பாடிப் பதிந்ததாகவோ இருக்கலாம். ஆல்பம் முழுவதும் ஒரே விகிதத்தில் நீண்டோ குறுகியோ இருந்தால் தட்டு தவறான வேகத்தில் சுழன்றிருக்கிறது.

இன்னொன்று, பாடலுக்குப் பாடல் இடைவெளியில்லாமல் ஓடும் ஆல்பங்கள். ஹார்மோனியத்தின் ‘லெப்தாத்’, கிளாட்டுவின் ‘ஹோப்’ போன்றவற்றைக் கேட்கும் முன் செயலியின் அமைப்பில் பாடல்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கும் வசதியை அணைத்து, இடைவெளியற்ற ஓட்டத்தை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் வாத்தியக்குழு இடைப்பகுதிகள் கடிபட்டுப் போகும்.

மறைசெலவு என்னவென்றால் நிலையின்மை. உரிமை கைமாறினால் நேற்று இருந்த ஆல்பம் இன்று இருக்காது. கனடாவில் ஓடுவது சென்னையிலோ கொழும்பிலோ ஓடாமல் சாம்பல் நிறத்தில் கிடக்கலாம். ஒரு ஆல்பத்தை மூன்று முறைக்கு மேல் முழுதாகக் கேட்டுவிட்டால் அதைக் கையில் பிடிக்கும் வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

## சிடி மறுவெளியீடு

எங்கள் பார்வையில் எழுபதுகளின் கனடிய ராக்குக்கு மிகவும் குறைத்து மதிப்பிடப்படும் வடிவம் இதுதான். எல்பி மோகத்தில் பலர் சிடிகளைத் தள்ளிவிடுவதால் பழைய சிடிக் கடைகளில் மலிவாகக் கிடக்கின்றன. புரோக்கியூபெக் போன்ற சிறு நிறுவனங்கள் மனேஜ், கோந்த்ராக்சியோன் போன்ற குழுக்களை அக்கறையோடு தேடி எடுத்து வெளியிட்டது சிடியில்தான். குறிப்பேட்டில் வாசித்தவர்களின் பெயரும் பதிவான இடமும் இருக்கும். சிங்கிளாக மட்டும் வந்த பாடல்கள் பின்னால் சேர்ந்திருக்கும்.

தவறு நடக்கும் இடங்களும் உண்டு. பழைய எல்பியிலிருந்து எடுத்த சிடியைக் கண்டுபிடிக்க ஹெட்ஃபோனில் பாடலின் கடைசி மூன்று வினாடியைக் கேளுங்கள். ஒலி மங்கி அடங்கும்போது மெல்லிய உறுமலும் ஒரு பக்கக் காதில் மட்டும் டிக் என்ற சத்தமும் வந்தால் மூலம் தட்டுதான். டேப்பிலிருந்து வந்ததென்றால் சீரான ‘ஸ்ஸ்’ மட்டும் கேட்கும். எல்பியிலிருந்து எடுத்தது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. டேப் தொலைந்துபோன குழுவுக்கு வேறு கதியில்லை. ஆனால் அதை மறைத்து விற்பவரிடம் மற்ற விவரங்களும் பொய்யாக இருக்க வாய்ப்புண்டு.

தட்டின் அடிப்பக்கம் வெள்ளியாகப் பளபளத்தால் அச்சில் வார்த்தது. நீலமோ பச்சையோ தெரிந்தால் வீட்டுக் கணினியில் எழுதக்கூடிய வகை. அதன் சாயம் வெயிலிலும் வெப்பத்திலும் வெளிறும். வாங்கிய அன்றே இழப்பில்லாத கோப்பாக நகலெடுத்து வையுங்கள். இரண்டு எல்பிகளை ஒரே சிடியில் அடைத்த பதிப்புகளில் பாடல்களை எண்ணிப் பாருங்கள்: ஒரு சிடியில் 80 நிமிடத்துக்கு மேல் அடங்காது என்பதால் ஒன்றிரண்டு பாடல் சத்தமில்லாமல் கழற்றப்பட்டிருக்கும்.

இரண்டாயிரங்களில் வந்த சில ரீமாஸ்டர்களில் சத்தம் முழுக்க மேலே தூக்கிவிடப்பட்டிருக்கும். முதல் பாடலே எடுத்த எடுப்பில் காதை அடைத்தால், அதே ஆல்பத்தின் தொண்ணூறுகள் சிடி இருக்கிறதா என்று பாருங்கள். டிரம்ஸ் அடி அதில் விலகித் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: சிறு நிறுவனங்கள் சில நூறு, ஓராயிரம் என்ற அளவில்தான் அச்சிடும். தீர்ந்த பிறகு பழைய சிடி புது எல்பியைவிட விலை ஏறுவதும் நடக்கும். பட்டியலில் சிடி மட்டுமே உள்ள குழுக்களை முதலில் வாங்கிவிடுங்கள்.

## அந்தக் காலத்து எல்பி

ஆசை அதிகமாகப் பிறப்பதும் காசு அதிகமாக வீணாவதும் இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நன்மை தெளிவானது. 1974-இல் அச்சான தட்டு அப்போது புதிதாக இருந்த டேப்பிலிருந்து ஒலிப்பள்ளம் வெட்டப்பட்டது. உறை, உள்தாள், எழுத்துரு எல்லாம் அந்தக் காலத்தவை. விலையும் எல்லாவற்றுக்கும் ஏறிவிடவில்லை. பிரெஞ்சு பேசும் மாகாணமான கியூபெக்கில் போ தொமாஜ், ஹார்மோனியம் போன்றவர்கள் வீட்டுக்கு வீடு விற்றார்கள். அவர்களின் எல்பிகளை மான்ட்ரியல் பழைய தட்டுக் கடைகளில் எளிதாகப் பொறுக்கலாம். ஹார்மோனியத்தின் முதல் இரண்டு ஆல்பங்களில் இருக்கும் ‘செலப்ரேஷன்’ லேபிள், குவாலிட்டி ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துடையது. அந்த நிறுவனம் இருந்தது, இன்று தமிழ்க் கடைகள் வரிசைகட்டி நிற்கும் ஸ்கார்பரோவில்.

வாங்கும் முறை: விற்பவர் தரும் தரக்குறியை அப்படியே நம்பாதீர்கள். ‘விஜி பிளஸ்’ (‘மிக நன்று’ என்பதற்கு ஒரு படி மேல்) என்று போட்டிருந்தால் பார்த்துச் சொன்னதா, ஓட்டிக் கேட்டுச் சொன்னதா என்று முதலில் கேளுங்கள். பிறகு மூன்று படம் கேளுங்கள்: விளக்கைச் சாய்த்து வைத்து எடுத்த தட்டின் இரு பக்கம், லேபிளுக்கும் கடைசிப் பாடலுக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொறித்த எண், உறையின் மூன்று ஓரங்கள். வளையத்து எண்தான் எந்த அச்சு என்று சொல்லும். லேபிள் படத்தை மட்டும் வைத்து முதல் அச்சு என்று சொல்வது பாதி ஊகம்.

கீறலைவிட மோசமானது தேய்மானம். அன்றைய மலிவான பெட்டிப் பிளேயர்களின் கனமான ஊசி, பள்ளத்தின் சுவரையே இழைத்துவிடும். அப்படித் தேய்ந்த தட்டு வெளிச்சத்தில் கறுப்பாக மின்னாமல் லேசாகச் சாம்பல் பூத்திருக்கும். ஓட்டினால், பாடகர் குரலை உயர்த்தும்போதெல்லாம் கிழிசல் சத்தம் வரும். அதிலும் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாடலில் அதிகம், ஏனெனில் உள்வளையத்தில் ஒரு சுற்றின் நீளம் குறைவு, அதே ஒலி நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும். கழுவினாலும் இது போகாது. விற்பவரிடம் “கடைசிப் பாடலை ஓட்டிப் பார்த்தீர்களா” என்று கேட்டாலே பாதி ஏமாற்றம் தவிரும்.

போகக்கூடியது தூசியும் கைரேகையும். காய்ச்சி வடித்த நீரில் நுரை குறைந்த திரவச் சோப்பு ஓரிரு துளி, மென்மையான தூரிகை, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் தேய்ப்பது, பிறகு வெறும் வடித்த நீரில் ஒரு அலசல், நிறுத்தி உலர்த்துவது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு பள்ளத்தில் படியும். லேபிள் நனையக் கூடாது. கழுவிய தட்டைப் பழைய தாள் உறைக்குள்ளேயே திரும்பப் போட்டால் செய்த வேலை வீண். பாலித்தீன் உள்ளுறை வாங்குங்கள். பழைய கனத்த பிவிசி வெளியுறையைக் கண்டால் உடனே கழற்றுங்கள், ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருந்தால் தட்டின்மேல் பனிமூட்டம் போன்ற படலம் விட்டுவிடும்.

உறையின் மூலை வெட்டியிருந்தாலோ துளை போட்டிருந்தாலோ பயப்பட வேண்டாம். விற்காமல் திரும்பிவந்த தட்டுகளைத் தள்ளுபடியில் விற்றதற்கான அடையாளம் அது. ஓட்டப்படாத தட்டு அதற்குள் மலிவாக இருக்க நல்ல வாய்ப்பு.

இனி மறைசெலவு. பிளேயர், ஃபோனோ முன்பெருக்கி, ஊசி மூன்றும் இல்லாதவர் ஒரு எல்பிக்காக அவற்றை வாங்கினால் கணக்கு உதைக்கும். நீள்வட்ட ஊசி சில நூறு மணி நேரத்தில் மாற்ற வேண்டியது. ஊசி தட்டை அழுத்தும் பாரத்தைத் தயாரிப்பாளர் சொன்ன அளவில் வையுங்கள், ஊசியைத் தாங்கும் பெரும்பாலான நடுத்தர கார்ட்ரிட்ஜ்களுக்கு 2 கிராம் சுற்றுவட்டம். குறைவாக வைத்தால் தட்டுக்கு நல்லது என்று நினைப்பது தவறு. ஊசி பள்ளத்தில் துள்ளி இன்னும் அதிகமாகச் சிதைக்கும். கனடாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்குத் தபால் செலவு தட்டின் விலையைத் தாண்டுவது சாதாரணம். ஒரே விற்பனையாளரிடம் நான்கைந்தாகச் சேர்த்து வாங்குவதும், தட்டை உறைக்கு வெளியே தனியாக வைத்துக் கட்டச் சொல்வதும் உதவும். உள்ளே வைத்து அனுப்பினால் அது ஆடி ஆடி உறையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வரும். குளிர்கால மாதங்களில் வந்த பொட்டலத்தை உடனே பிரிக்காமல் சில மணி நேரம் அறையின் வெப்பத்துக்கு வர விடுங்கள்.

## புதிய எல்பி

பிளேயர் ஏற்கெனவே இருக்கிறது, பழைய அச்சு கைக்கெட்டாத விலையில் இருக்கிறது என்ற இரண்டும் பொருந்தினால் மட்டும் இந்த வழி. 180 கிராம் என்று உறையில் ஒட்டியிருப்பது எடையைச் சொல்கிறதே தவிர ஒலியைச் சொல்லவில்லை. எந்த மூலத்திலிருந்து வெட்டியது, யார் வெட்டினார் என்று பின்னட்டையில் ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் உரிமைக் குறிப்பும் இல்லாமல், அட்டைப்படம் ஸ்கேன் செய்ததுபோல் மங்கலாக இருந்தால் அது திருட்டு அச்சு. ஒரு சிடியை எடுத்து வினைலில் ஊற்றியிருப்பார்கள், குழுவுக்கு ஒரு காசும் போயிருக்காது.

புது அச்சின் வழக்கமான குறைகள் இரண்டு. நடுத்துளை மையத்தில் இல்லையென்றால் நீண்ட பியானோ சுரமும், டேப் ஒலியால் இயங்கும் விசைப்பலகையான மெலட்ரானும் அலைபாயும். கியூபெக் குழுக்களின் இசையில் இது உடனே காதில் உறுத்தும். வினைல் அச்சை முழுதாக நிரப்பாவிட்டால் ஒரு பக்கத்தில் மட்டும் துணி கிழிவதுபோல் சத்தம் வரும். இரண்டுமே கழுவித் தீராதவை, தட்டை மாற்றித்தான் ஆக வேண்டும். எனவே திருப்பி எடுக்கும் கடையிடம் வாங்குங்கள்.

## தொகுப்புகளைப் பற்றி ஒரு சொல்

வினிபெக் நகரத்து கே-டெல் நிறுவனம் தொலைக்காட்சி விளம்பரம் செய்து விற்ற தொகுப்பு எல்பிகள் பழைய கடைகளில் மலையாகக் கிடக்கும். ஒரு தட்டில் இருபது பாடல்! அத்தனையை அடைக்கப் பாடல்களை வெட்டினார்கள். பக்கம் நீண்டால் பள்ளங்களை நெருக்க வேண்டும், நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். அதனால் சத்தம் சன்னமாக இருக்கும். பெயர்களைத் தெரிந்துகொள்ளும் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

லைட் இன் தி ஆட்டிக் என்ற நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ‘நேட்டிவ் நார்த் அமெரிக்கா’ முதல் தொகுதி இதற்கு நேர் எதிர். 1966 முதல் 1985 வரையிலான பூர்வகுடிகளின் நாட்டார், ராக், கண்ட்ரி பாடல்கள். அவற்றில் வடக்குக் கியூபெக்கின் சல்லூயித் ஊரைச் சேர்ந்த சுக்லுக் குழு இனுக்டிடுட் மொழியில் பாடியதும் உண்டு. கனடிய ஒலிபரப்புக் கழகமான சிபிசியின் வடக்குச் சேவை வானொலிக்காக மட்டும் அச்சிட்டு, கடைக்கே வராத தட்டுகள் இவ்வகை இசையில் பல. தனித்தனியாகத் தேடினால் ஆயுள் போதாது. இங்கே தொகுப்புதான் முதல் வழி.

## எந்தக் குழுவுக்கு எது?

கிளாட்டு. 1976-இன் முதல் ஆல்பம் கனடாவில் டாஃபடில் வெளியீடாக ‘3:47 இஎஸ்டி’ என்ற பெயரில் வந்தது. அமெரிக்காவில் கேபிடல் அதை வெறும் ‘கிளாட்டு’ என்று வெளியிட்டது. வாசித்தவர்களின் பெயர் உறையில் இல்லை. 1977 தொடக்கத்தில் ஒரு அமெரிக்க நாளிதழ் கட்டுரை இது பீட்டில்ஸாக இருக்குமோ என்று கிளப்பிவிட, தட்டு நன்றாக விற்றது. அதனால் அமெரிக்க அச்சு அரிதல்ல. பீட்டில்ஸ் கதையைச் சொல்லி விலையேற்றும் விற்பனையாளரைக் கடந்துபோங்கள். இரண்டாம் ஆல்பமான ‘ஹோப்’ பிடித்துவிட்டால் 2005-இன் ‘சன் செட்’ இரட்டை சிடியைத் தேடுங்கள். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா நிறைந்து ஒலிக்கும் முந்தைய வடிவம் அதில்தான் இருக்கிறது.

எஃப்எம். கிதாரே இல்லாமல் மின்வயலினும் மாண்டலினும் சிந்தசைசரும் வைத்து ராக் செய்தவர்கள். ‘பிளாக் நாய்ஸ்’ ஆல்பத்தை 1977-இல் சிபிசி 500 பிரதி மட்டும் அச்சிட்டுத் தபாலில் விற்றது. அதைத் துரத்துவது சேகரிப்பாளர் வேலை. 1978-இல் வேறு உறையோடு வந்த பொது வெளியீடு கேட்பதற்குப் போதும். ஆனால் அதே ஆண்டின் ‘டைரக்ட் டு டிஸ்க்’ ஆல்பத்துக்கு எங்கள் பரிந்துரை பழைய எல்பியேதான். டேப்புக்குப் போகாமல், ஒரு பக்கம் முழுதும் நிறுத்தாமல் வாசித்து, நேராகத் தட்டில் வெட்டிய பதிவு அது. ஒரு பக்கத்துக்கு ஒரு படைப்பு. அந்த எல்பிதான் அதன் மூலம்.

சிம்ப்ளி சாசர். ஹாமில்டன்காரர்கள். இவர்களுக்கு எழுபதுகளின் எல்பி என்று ஒன்று கிடையாது. 1974-இல் லனுவா சகோதரர்களின் நிலவறை ஸ்டுடியோவில் பதிந்ததும், 1975-இல் ஒரு வணிக வளாகக் கூரையில் வாசித்ததும் சேர்ந்து ‘சைபார்க்ஸ் ரீவிசிட்டட்’ என்று 1989-இல்தான் வெளிவந்தன. எனவே ‘முதல் அச்சு’ என்ற மந்திரம் இங்கே பலிக்காது. கூடுதல் பாடல்களோடு வந்த 2003 சிடி எல்லா வகையிலும் மேல்.

ஹார்மோனியம். 1975-இன் இரண்டாம் ஆல்பத்தில் டிரம்ஸ் கிடையாது. மென்மையான இடங்கள் நிறைய. கீறல் விழுந்த எல்பியில் 17 நிமிடத்தைத் தாண்டும் அதன் கடைசிப் படைப்பைக் கேட்பது தண்டனை. விஜி பிளஸ்ஸுக்குக் கீழே இருந்தால் சிடிக்குப் போய்விடுங்கள். 1976-இன் ‘லெப்தாத்’ இரட்டை ஆல்பத்தை 2016-இல் மறுகலவை செய்து ‘லெப்தாத் எக்ஸ்எல்’ என்று வெளியிட்டார்கள். இரண்டும் வேறு கலவை. ஸ்ட்ரீமிங்கில் இரண்டையும் ஒரு முறை கேட்டுவிட்டுப் பிறகு வாங்குங்கள். நீல் கோட்டெமின் வாத்தியக்குழு அமைப்பு எதில் நெருக்கமாகத் தெரிகிறது என்பதில் ரசிகர்களே பிரிந்து நிற்கிறார்கள். நாங்கள் பழைய கலவைப் பக்கம்.

மேக்ஸ் வெப்ஸ்டர். 1976 முதல் 1980 வரை ஐந்து ஸ்டுடியோ ஆல்பங்கள். ரஷ்ஷின் நிழலிலேயே வளர்ந்ததால் பிரதிகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றாகப் பழைய எல்பி வாங்குவது சிக்கனம். எல்லாம் வேண்டும் என்றால் 2017-இன் ‘தி பார்ட்டி’ பெட்டித்தொகுப்பு.

க்ரோபார். ‘ஓ வாட் எ ஃபீலிங்’ ஸ்டுடியோ வடிவம் ‘பேட் மேனர்ஸ்’ ஆல்பத்தில். டொரன்டோவின் மாஸி ஹால் அரங்கில் பதிந்த 1971-இன் இரட்டை நேரடி எல்பி வேறு அனுபவம். பாடல் ஒன்றுக்காக என்றால் ஸ்ட்ரீமிங் போதும்.

மாக்ஸி. 1975-இன் முதல் ஆல்பத்தில் பல பாடல்களுக்கு கிதார் தனியாவர்த்தனம், பிறகு டீப் பர்ப்பிள் குழுவில் சேர்ந்த டாமி போலின். அதனால் டீப் பர்ப்பிள் ரசிகர்களும் இதற்குப் போட்டி. 1978-இன் ‘அண்டர் தி லைட்ஸ்’ ஆல்பத்தில் பாடியவர் பின்னாளில் லவர்பாய் குழுவில் மைக் ரீனோ என்று புகழ்பெற்றவர்.

வார்பிக். ஒன்டாரியோவின் வுட்ஸ்டாக்கிலிருந்து வந்த கனத்த ராக். 1970-இன் ஃபான்ட்ஹில் அச்சு பெரும் விலை. 1973-இல் லண்டன் என்ற நிறுவனம் வெளியிட்ட பதிப்பும் எளிதல்ல. 2006-இன் ரிலாப்ஸ் நிறுவன மறுவெளியீட்டை வாங்கிவிட்டு நிம்மதியாகக் கேளுங்கள்.

கிறிஸ்மஸ். ஒஷாவா ஊர்க் குழு, பாப் பிரைடன் தலைமை. பெயரைத் தேடுபெட்டியில் போட்டால் என்ன வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதிலும் டிசம்பரில் முயலவே வேண்டாம். ‘லைஸ் டு லிவ் பை’ என்ற 1974 ஆல்பத்தின் பெயரையோ பிரைடனின் பெயரையோ தேடுங்கள். அந்த ஆல்பத்தில் குழு தன் பெயரை ‘தி ஸ்பிரிட் ஆஃப் கிறிஸ்மஸ்’ என்று நீட்டிக்கொண்டது. பழைய தட்டுக் கடைக்குப் போனால் விடுமுறைப் பாடல் பெட்டியையும் ஒரு முறை புரட்டிவிடுங்கள். விவரம் தெரியாத கடைக்காரர் டாஃபடில் எல்பியை அங்கே சொருகியிருக்கலாம்.